நான்தான் மேஜை: ‘லூலூ’ ஆல்பத்தை முதன்முதலாகக் கேட்பவர்களுக்கு

ஒரு பாட்டின் நடுவே ஒருவர் அடித்தொண்டையிலிருந்து ‘நான்தான் மேஜை’ என்று முழங்குகிறார். நாற்காலி இல்லை, பீரோ இல்லை, மேஜை. பின்னால் கிட்டார்கள் பாறை உருள்வதுபோல் உருள்கின்றன. முழங்குகிறவர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு, மெட்டாலிகா குழுவின் பாடகர். 2011 செப்டம்பர் இறுதியில் இந்தப் பாட்டு தனியாக வெளியானபோது மெட்டல் ரசிகர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இவருக்கு என்ன ஆயிற்று? இன்றைக்கும் இரண்டு மெட்டல் ரசிகர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் ‘மேஜை’ என்றால் போதும், மற்றவர் சிரித்துவிடுவார்.

அந்தப் பாட்டு இருக்கும் ஆல்பத்தின் பெயர் ‘லூலூ’. மெட்டாலிகாவும் அமெரிக்கப் பாடகர் லூ ரீடும் சேர்ந்து செய்தது. பத்துப் பாடல்கள், இரண்டு குறுந்தகடுகள், மொத்தம் 87 நிமிடங்கள். இதைக் குப்பை என்பவர்கள் ஏராளம். தலையில் வைத்துக் கொண்டாடுபவர்கள் சிலர். நடுவில் நிற்பவர்கள் மிகக் குறைவு. அந்தக் குறைவானவர்களில் நானும் ஒருவன். பத்தில் நான்கு பாடல்களுக்காக யாரோடும் சண்டை போடுவேன். மீதி ஆறுக்காக வாயைத் திறக்க மாட்டேன்.

மெட்டலே கேட்டிராதவர்களுக்கும், கேட்டுப் பாதியில் நிறுத்தியவர்களுக்கும் இந்த ஆல்பம் என்ன, இதைச் சுற்றி ஏன் இத்தனை சண்டை என்று சொல்லிப் பார்க்கிறேன். எனக்கு இது புரிந்ததற்குக் காரணம் இசை விமர்சகர் எவருமில்லை. பண்ருட்டிப் பக்கத்தில் கூத்து ஜமா ஒன்றில் இருபது வருடம் தாளம் போட்டுப் பின்பாட்டுப் பாடிய என் பெரியப்பா. அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில் மெட்டல் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மின்கிட்டாரின் ஒலியை அதன் எல்லைக்கு மேல் தள்ளினால் அது கரகரக்கும். கோயில் திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கியை அளவுக்கு மீறி வைத்தால் குரல் கிழிந்து வருமே, அதைத் தவறாக எண்ணாமல் அழகாக எண்ணி, கட்டுக்குள் வைத்து வாசிப்பது மெட்டல். அந்தக் கரகரப்பில் நாலைந்து ஸ்வரங்கள் கொண்ட ஒரு சிறு துண்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். அதற்குப் பெயர் ரிஃப். மெட்டல் பாட்டு ரிஃப்புகளால் கட்டப்படுகிறது. பாடகரை மறந்துவிடுகிற ரசிகர் உண்டு, ரிஃப்பை மறக்கிற ரசிகர் கிடையாது. இதோடு இரண்டு கால்களாலும் மிதித்து ஓட்டும் பெரிய டிரம், நடுவில் கிட்டார்காரர் விரல் பறக்க வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் ஓரளவுக்குப் படம் கிடைத்துவிடும்.

மெட்டாலிகா 1981இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய குழு. டிரம்மர் லார்ஸ் உல்ரிக்கும் ஹெட்ஃபீல்டும் அன்று முதல் இன்று வரை இருக்கிறார்கள். வேகமும் துல்லியமும் கொண்ட ‘த்ராஷ்’ என்ற வகையை வளர்த்து உலகெங்கும் கொண்டுபோனவர்களில் இவர்கள் முன்வரிசை. 1991இல் வெளியான கறுப்பு அட்டை ஆல்பத்தோடு மெட்டல் பிடிக்காத வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டார்கள். அதன் பிறகு ரசிகர்களுக்கும் இவர்களுக்கும் நடந்தது ஏறத்தாழ மாமியார் மருமகள் கதை. 1996இல் முடியை வெட்டிக்கொண்டார்கள் என்றுகூடக் கோபம் வந்தது. 2003 ஆல்பத்தில் உல்ரிக் சிறிய டிரம்மின் அடியில் இருக்கும் கம்பிச் சுருளைத் தளர்த்திவிட்டு வாசித்தார். காலிப் பால் கேனைத் தட்டுவதுபோல் ‘டங் டங்’ என்று கேட்டது. அதற்காக இன்னமும் திட்டு வாங்குகிறார். 2008 ஆல்பத்தில் பழைய வேகத்துக்குத் திரும்பியதும், பிள்ளை ஒருவழியாகத் திருந்திவிட்டான் என்று எல்லாரும் மூச்சுவிட்டார்கள். அந்த நிம்மதியின் மேல்தான் ‘லூலூ’ வந்து விழுந்தது.

லூ ரீட் வேறு உலகத்து ஆள். 1942இல் பிறந்தவர். நியூயார்க்கில் ‘வெல்வெட் அண்டர்கிரவுண்டு’ என்ற குழுவை நடத்தியவர். 1967இல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் அப்போது விற்கவில்லை. பிறகு வந்த எத்தனையோ குழுக்களுக்கு அது அரிச்சுவடி ஆயிற்று. ரீட் பாடுவது குறைவு. பேசுவார், பேச்சையே கொஞ்சம் இழுத்துப் பாட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவார். 1975இல் ஓர் இரட்டை இசைத்தட்டு வெளியிட்டார். நான்கு பக்கங்களிலும் கிட்டார் ஒலிபெருக்கியின் ஊளை மட்டும்; பாட்டு இல்லை, தாளம் இல்லை. வாங்கியவர்கள் கடைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்தத் தட்டோடு என் ரசிகர்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள், இனி இழக்க ஒன்றுமில்லை என்று 2011இல் ரீட் சொன்னார். பாதி வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அப்படிப்பட்ட ஒருவருக்கு இல்லாத பயம் மெட்டாலிகாவுக்கு இருந்திருக்க வேண்டும்; அவர்களிடம் இழக்க நிறைய இருந்தது.

இருவரும் சந்தித்தது 2009 அக்டோபர் 30, நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில், ராக் இசைக்கான ஒரு பெரிய விழாவில். ரீடின் இரண்டு பழைய பாடல்களை மெட்டாலிகா பின்னணி வாசிக்க அவர் பாடினார். பிடித்துப்போயிற்று. சேர்ந்து ஓர் ஆல்பம் செய்யலாம், ரீடின் கவனிக்கப்படாத பழைய பாட்டுகளை மறுபடி எடுக்கலாம் என்று பேசினார்கள். அதுவே நடந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. நல்லதொரு ஆல்பம் வந்திருக்கும், எல்லாரும் மறந்திருப்பார்கள்.

ஆனால் ரீட் அப்போது ஒரு நாடகத்துக்காக எழுதிய பாடல்களைக் கையில் வைத்திருந்தார். ஜெர்மானிய நாடகாசிரியர் ஃப்ராங்க் வெடகிண்டு எழுதிய இரண்டு நாடகங்கள், 1895இல் ஒன்றும் 1904இல் ஒன்றும். இரண்டுக்கும் நாயகி லூலூ என்ற பெண். நடனக்காரி. அவள்மேல் ஆசைப்படும் ஆண்கள் ஒவ்வொருவராக அழிகிறார்கள். மேல்தட்டிலிருந்து படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் லண்டன் சந்து ஒன்றில் உடலை விற்றுப் பிழைக்கிறாள். ‘ஜாக் தி ரிப்பர்’ என்ற கொலைகாரன் கையில் சாகிறாள். இந்தக் கதையை இசைநாடகமாக்கியவர்கள் உண்டு, மௌனப்படமாக்கியவர்கள் உண்டு. 2011இல் பெர்லினில் ராபர்ட் வில்சன் இயக்கிய மேடை வடிவத்துக்குத்தான் ரீட் பாடல் எழுதினார். அவற்றையே எடுத்துக்கொள்வோம் என்று மெட்டாலிகாவிடம் சொன்னார். சரி என்றார்கள்.

கலிபோர்னியாவில் குழுவின் சொந்தக் கூடத்தில் 2011 ஏப்ரல் முதல் ஜூன் வரை பதிவு நடந்தது. மெட்டாலிகா ஓர் ஆல்பத்துக்கு மாதக்கணக்கில் உட்கார்ந்து இழைத்து இழைத்துச் செதுக்குகிற குழு. ரீட் நேர் எதிர். முதல் தடவை வாசித்ததில் உயிர் இருக்கிறது, இரண்டாவது தடவையில் அது போய்விடும் என்பது அவர் கட்சி. ஒத்திகை என்று நினைத்து வாசித்ததெல்லாம் பதிவாகிவிட்டது. ஒருநாள் ஏதோ வாக்குவாதத்தில், தெருவில் இறங்கி மோதிப் பார்க்கலாம் வா என்று ரீட் தன்னைக் கூப்பிட்டதாக உல்ரிக்கே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ரீடுக்கு அப்போது வயது 69.

பரிசோதனை இசை என்ற சொல்லை எங்கள் ஊரில் சிலர் ‘புரியாத இசை’ என்பதற்கு மரியாதையான பெயராக வைத்திருக்கிறார்கள். அப்படியில்லை. முடிவு என்னவாகும் என்று செய்பவருக்கே முன்கூட்டித் தெரியாத செயல்தான் பரிசோதனை என்று அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் சொன்னார். இந்த விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டால் ‘லூலூ’ சந்தேகமில்லாமல் பரிசோதனை. பரிசோதனை என்றால் தோற்பதற்கும் உரிமை உண்டு என்பதைச் செய்தவர்களும் மறக்கக்கூடாது, கேட்பவர்களும் மறக்கக்கூடாது.

இனி என் கதை. 2011 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரு அரண்மனை மைதானத்தில் மெட்டாலிகா கச்சேரி. இந்தியாவில் அவர்களின் முதல் மேடை தில்லிக்கு அருகே குர்கானில் 28ஆம் தேதி நடந்திருக்க வேண்டியது. கடைசி நேரத்தில் ரத்தாகி, கோபத்தில் கூட்டம் மேடையை உடைத்தது. பெங்களூருவில் நடக்குமா என்று தெரியாமலே நானும் நண்பர்கள் இருவரும் சனிக்கிழமை இரவு கடலூரிலிருந்து பஸ் ஏறினோம். நடந்தது. பழைய பாடல்களாகவே வாசித்தார்கள். மறுநாள் 31ஆம் தேதி உலகின் பல நாடுகளில் ‘லூலூ’ கடைக்கு வருகிறது. அதிலிருந்து ஒரு பாட்டுகூட அன்று மேடையில் இல்லை. அதுவே ஏதோ சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்கு உறைக்கவில்லை. திருவண்ணாமலை தாண்டும்போது தொண்டை கட்டிப்போய், காது அடைத்துப்போய், உலகத்திலேயே சிறந்த குழு இதுதான் என்று மூவரும் சைகையால் பேசிக்கொண்டு வந்தோம்.

ஒரு வாரத்தில் ஆல்பம் கைக்கு வந்தது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துப் போட்டேன். முதல் பாட்டு ‘பிராண்டன்பர்க் கேட்’. மெல்லிய கிட்டார், அதன்மேல் தளர்ந்த கிழவர் குரல். முதல் வரியே வீட்டில் மொழிபெயர்க்க முடியாத வரி. நல்லவேளை, அம்மாவுக்கு அந்த ஆங்கிலம் எட்டவில்லை. “யாரப்பா இது, கோபத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். மூன்றாவது பாட்டில் நிறுத்திவிட்டேன். நண்பர்களில் ஒருவன் முதல் பாட்டையே தாண்டவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று அவன் சொன்னது எனக்கு அன்று முழுக்க நியாயமாகப் பட்டது.

எங்களைப்போல் உலகெங்கும் நினைத்தார்கள். 2008 ஆல்பம் அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் 4,90,000 பிரதிகள் விற்றது. ‘லூலூ’ முதல் வாரத்தில் சுமார் 13,000. பெயர்பெற்ற இசை இதழ் ஒன்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டது. மெட்டாலிகா ரசிகர்கள் என்னைச் சுட்டுவிடுவதாக மிரட்டுகிறார்கள், நான் அங்கே தலைகாட்டினேன் என்பதுதான் குற்றம் என்றார் ரீட்.

ரசிகர்களின் புகாரை ஒதுக்கிவிட முடியாது. அது மூன்று இழைகள் கொண்டது. ஒன்று, இது பாட்டே இல்லை, ஒருவர் பேசுகிறார். இரண்டு, மெட்டாலிகாவின் கிட்டார்காரர் கிர்க் ஹாமெட்டின் வழக்கமான பறக்கும் கிட்டார் எங்கே? மூன்றாவதுதான் உண்மையான வலி: அட்டையில் மெட்டாலிகா என்ற பெயர் இருக்கிறது. ரீட் தனியாகச் செய்திருந்தால் யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். பிரியாணி என்று எழுதிய கடையில் பழையசோறு வைத்தால் பழையசோற்றைத்தான் திட்டுவோம், அது எவ்வளவு நல்ல பழையசோறாக இருந்தாலும்.

முதல் புகார் மட்டும் நமக்குப் பழகியது. யாப்பு இல்லாதது கவிதையா என்று ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் புதுக்கவிதைக்காரர்களிடம் கேட்டோம். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே பாரதி புதுச்சேரியில் இருந்துகொண்டு வசன கவிதை எழுதியாயிற்று. பேச்சு எந்த இடத்தில் பாட்டாகிறது என்பது தமிழில் முடிந்துபோன வழக்கு இல்லை. அவ்வப்போது தூசு தட்டி எடுக்கிறோம்.

அந்த டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் தெருவில் மின்கம்பங்கள் முறிந்து பத்து நாளுக்குமேல் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த கடைகளில் செல்போனுக்கு மின்னேற்றக் காசு வாங்கினார்கள். ஓடு பறந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பத்துப் பதினைந்து முந்திரி மரம் போயிருந்தது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. இரவில் மொட்டைமாடியில் பாயை விரித்துக்கொண்டு, ரேடியோ இருந்தால் வையடா என்பார். இருந்தது என் கையடக்க இசைப்பெட்டியும் பேட்டரியில் ஓடும் குட்டி ஒலிபெருக்கியும். அதில் எனக்குத் தெரியாமல் அழிக்காமல் விட்டுப்போன ஆல்பம் ‘லூலூ’. வேறு பாட்டெல்லாம் இரண்டு இரவில் தீர்ந்துவிட்டது.

வைத்தேன். பெரியப்பா தலைக்குக் கையைக் கொடுத்துப் படுத்துக் கேட்டார். ஒரு பாட்டு முடிந்ததும், “இவர் வேஷக்காரர்தானே?” என்று கேட்டார். ஆமாம் பெரியப்பா, நாடகப் பாட்டு என்றேன். “என்ன வேஷம்?”

பெண் வேஷம் என்று சொன்னபோதுதான் எனக்கே முதல்முறையாகப் பொறி தட்டியது. அறுபத்தொன்பது வயதுக் கிழவர் ஓர் இளம் நடனக்காரியாக நின்றுகொண்டு பேசுகிறார். மெட்டல் ரசிகர்களுக்கு இது கோமாளித்தனமாகப் பட்டது. பெரியப்பாவுக்கு இதில் விநோதம் ஒன்றுமில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் மீசையை மழித்துவிட்டு அறுபது வயது ஆள் பாஞ்சாலியாக வந்து துகிலுரிதல் ஆடுவதையும், கீழே உட்கார்ந்திருக்கும் பெண்கள் அழுவதையும் ஐம்பது வருடமாகப் பார்த்தவர் அவர். குரல் இனிமையாக இருக்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. விடியும்வரை தாங்குகிறதா, சொல் காதில் விழுகிறதா என்பதுதான் கணக்கு.

அடுத்து ‘தி வியூ’ வந்தது. மேஜைப் பாட்டு. ரீட் பேசிக்கொண்டே போகிறார். திடீரென்று ஹெட்ஃபீல்டு பாய்ந்து வந்து நான்தான் அது, நான்தான் இது என்று முழங்குகிறார். பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். “இவன்தானடா பின்பாட்டு!”

கூத்து பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கூத்தில் வேஷக்காரர் முன்னால் ஆடிப் பாடுவார். பின்னால் பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் வைத்திருப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வேஷக்காரர் பாடி விட்ட அடியை அவர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அதுதான் பின்பாட்டு. வேஷக்காரருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும், கடைசி வரிசைக்கும் சொல் போய்ச்சேரும், வேகமும் ஒரு படி ஏறும். ‘பிராண்டன்பர்க் கேட்’ பாட்டில் ஹெட்ஃபீல்டு ஒரே சொற்றொடரை, சிற்றூர்ப் பெண் என்பதை, திரும்பத் திரும்பக் கத்துவது ரசிகர்களுக்கு எரிச்சல். அவர்கள் அவரைத் தலைமைப் பாடகராகவே எதிர்பார்த்தார்கள். இந்த ஆல்பத்தில் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அப்படிக் கேட்டால் அந்தக் கத்தல் இடத்தில் பொருந்துகிறது. மேஜையும்கூட; வேஷம் கட்டியவன் நானே மலை, நானே கடல் என்று தன்னைப் பற்றித் தானே வருணித்துக்கொண்டு வருவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு ஒரு மேஜை அதிகமில்லை. சிரிப்பு வருவது உண்மை. இப்போதும் எனக்கு வருகிறது.

பெரியப்பா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ‘மிஸ்ட்ரஸ் ட்ரெட்’ வந்தது. ஏழு நிமிடம் கிட்டாரும் டிரம்மும் நாலுகால் பாய்ச்சலில் ஓடுகின்றன, ஒரு நொடி நிற்கவில்லை. ரீட் மேலே எங்கோ மிதந்தபடி தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெரியப்பா முகத்தைச் சுளித்தார். “ஆடுகிறவன் காலைப் பார்த்துத்தான் மிருதங்கம் அடிக்க வேண்டும். இங்கே அவன்பாட்டுக்கு அடிக்கிறான், இவர்பாட்டுக்குப் பேசுகிறார். ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.”

‘லூலூ’ பற்றி நான் படித்த எந்த விமர்சனத்தையும்விட இது எனக்குப் பயன்பட்டது. ரிஃப் என்பது மாறாத அளவுள்ள அச்சு. ஹெட்ஃபீல்டு போன்ற பாடகர் சொற்களை அந்த அச்சில் வார்த்துத்தான் பாடுவார். ரீட் அப்படி வார்க்க மாட்டார். கவிதை வாசிப்பவர்போல் வாக்கியம் முடிகிற இடத்தில் நிறுத்துவார், தாளம் முடிகிற இடத்தில் நிறுத்த மாட்டார். ஆகவே இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். குழு ரிஃப்பை நிறுத்தி, நீட்டி, அவர் வாயைப் பார்த்து வாசிக்கிற இடங்களில் ஆல்பம் நிமிர்கிறது. குழு தன் பழக்கத்தில் ஓடுகிற இடங்களில் இரண்டு வானொலி நிலையங்கள் ஒரே அலைவரிசையில் கலந்ததுபோல் இருக்கிறது. முதல் தடவை வாசித்ததையே வைத்துக்கொள்வது என்ற ரீடின் கொள்கைக்கு இதில் பெரிய பங்கு இருப்பதாக நினைக்கிறேன். கூத்து ஜமா ஒருவர் காலை ஒருவர் பார்க்கப் பழகுவதற்குப் பல வருடமாகும். இவர்களுக்குக் கிடைத்தது சில வாரங்கள்.

ஆகவே என் நான்கு பாடல்கள். ‘ஐஸ்டு ஹனி’: நாலரை நிமிடம், ஒரே கட்டு, ரீடின் பழைய பாணிக்கு மிக அருகில் இருப்பது, புதிதாகக் கேட்பவர்கள் இங்கே தொடங்கலாம். ‘பிராண்டன்பர்க் கேட்’, காரணம் சொல்லிவிட்டேன். ‘டிராகன்’, பதினொரு நிமிடம். தொடக்கத்தில் மின்னொலிகளின் குழப்பத்துக்கு நடுவே ரீட் தனியாகப் பேசுகிறார், நீ தாங்குவாயா என்று நம்மைச் சோதிப்பதுபோல். பிறகு ரிஃப் இறங்குகிறது. காத்திருந்தவருக்குத்தான் அது கிடைக்கும். சொற்கள் பல இடங்களில் கொச்சையும் கொடூரமுமானவை என்பதால், குழந்தைகள் இருக்கும் கூடத்தில் ஒலிபெருக்கியில் போடாமல் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது நல்லது. எனக்கு வாய்த்ததுபோல் ஆங்கிலம் எட்டாத அம்மா எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

நான்காவது, ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘ஜூனியர் டேட்’. பத்தொன்பதரை நிமிடம். லூலூவின் கதை இதற்குள் எங்கேயோ கரைந்துவிட்டது. நீரில் மூழ்குகிற ஒருவன் தன்னைக் கைகொடுத்துத் தூக்குவாயா என்று கேட்கிறான். அப்பாவைப் பற்றிய நினைப்பாகவும் கனவாகவும் பாட்டு போகிறது. கிட்டார்கள் இங்கே உறுமவில்லை, மெதுவாக நடக்கின்றன. ரீடின் குரல் எந்த இடத்தில் நின்றாலும் குழு நின்று காத்திருக்கிறது. இதன் முதல் வடிவத்தை ரீட் போட்டுக்காட்டியபோது, சில வாரம் முன்புதான் தந்தையை இழந்திருந்த கிர்க் ஹாமெட் சமையலறைக்குப் போய் நின்று அழுதாராம். பின்னாலேயே ஹெட்ஃபீல்டும் போய் அழுதிருக்கிறார். இந்த ஒரு பாட்டை மட்டும் ஆல்பத்தை வெறுப்பவர்களில் பலரும் விட்டுவைக்கிறார்கள்.

சொற்கள் முடிந்த பின்னும் பாட்டு முடிவதில்லை. கடைசி ஏழெட்டு நிமிடங்களுக்கு நரம்புக் கருவிகளின் நீண்ட ஒற்றை ஒலிதான், மெல்ல நிறம் மாறிக்கொண்டு. மேற்கத்தியர் இதை ‘ட்ரோன்’ என்பார்கள். நமக்குப் புதிதில்லை. தம்புரா செய்வது இது. நாகஸ்வரக் கச்சேரியில் ஒருவர் எந்த ராகமும் வாசிக்காமல் ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருப்பாரே, ஒத்துக்காரர், அவர் செய்வதும் இதுதான். ஒத்து ஊதுகிறான் என்று ஏளனமாகச் சொல்லிப் பழகிவிட்டோம்; ஊதிப்பார்த்தால் தெரியும், மூச்சு அறுபடாமல் ஒரு மணி நேரம் ஊதுவது என்ன பாடு என்று. வித்தியாசம் ஒன்று உண்டு. நம் இசையில் ஒத்து தரை, அதன்மேல் ராகம் நடக்கும். இங்கே நடந்தவர் போய்விட்டார், தரை மட்டும் மிச்சம்.

‘லூலூ’ வந்து இரண்டு வருடத்துக்குள், 2013 அக்டோபர் 27 அன்று, ரீட் இறந்துபோனார். அது அவருடைய கடைசிப் பெரிய வேலையாகிவிட்டது. 2015இல் ஒரு மரியாதை விழாவில் பேசிய அவர் மனைவி லாரி ஆண்டர்சன், பாடகர் டேவிட் போவி தன்னிடம் சொன்னதைச் சொன்னார்: இதுதான் லூவின் மிகச்சிறந்த படைப்பு, ‘பெர்லின்’ ஆல்பத்துக்கு நடந்ததுதான் இதற்கும் நடக்கும், மற்றவர்கள் வந்துசேரக் காலமாகும். ‘பெர்லின்’ 1973இல் ரீட் வெளியிட்டது. அப்போது கிழித்துத் தொங்கவிட்டார்கள். 2006இல் அதை முழுக்க மேடையில் வாசித்தபோது கைதட்டிக் கொண்டாடினார்கள்.

போவி சொன்னது ‘லூலூ’வை நேசிப்பவர்கள் கையில் பிரம்மாஸ்திரம் ஆகிவிட்டது. மேஜை என்று எதிர்க்கட்சி சொன்னதும் போவி என்று இவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இரண்டும் சோம்பேறித்தனம். பெரியவர் ஒருவர் பாராட்டினார் என்பதால் ‘மிஸ்ட்ரஸ் ட்ரெட்’ பாட்டில் டிரம்மும் குரலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளப்போவதில்லை. ஒரு வரி சிரிப்பை வரவழைக்கிறது என்பதால் ‘ஜூனியர் டேட்’ சிறுத்துவிடப்போவதும் இல்லை. சில வருடங்களாக இந்த ஆல்பத்தைப் புதிதாகக் கேட்கும் இளைஞர்கள் சிலரைப் பார்க்கிறேன். மெட்டாலிகாவிடம் அவர்களுக்கு எந்தப் பாக்கியும் இல்லை, எதையும் எதிர்பார்த்து வருவதில்லை. கேட்டுவிட்டு, இதற்கா இத்தனை சண்டை என்கிறார்கள். எங்களைப்போல் பஸ் ஏறிப் போய் மொட்டைவெயிலில் நின்று தொண்டை கட்டியவர்களுக்குத்தான் அது துரோகம். முதல் பாட்டோடு நிறுத்திய நண்பன் இன்னும் இரண்டாவது பாட்டுக்கு வரவில்லை.

பெரியப்பாவுக்கு ‘ஜூனியர் டேட்’ போட்டதைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் வருவதற்கு முந்தைய இரவு என்று நினைவு. தெருவில் ஒரு விளக்கு இல்லை. விழுந்த தென்னைகளை வெட்டி ஓரமாகப் போட்டிருந்தார்கள். பச்சை மட்டை வாடும் வாசனை மாடிவரை வந்தது. பாட்டு பேசி முடித்து, ஒத்து தொடங்கியது. ஐந்தாறு நிமிடம் அவர் அசையவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்து நிறுத்துவதற்காகக் கையை நீட்டினேன்.

“இருக்கட்டும்” என்றார்.